மினரல் கிங்: டிஸ்னி வராமல் போன பள்ளத்தாக்கு

கலிபோர்னியாவுக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் இரண்டு பெயர்கள் அடிக்கடி சேர்ந்தே வரும். ஒன்று, அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட். மற்றது, சியரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியிலுள்ள சிக்வோயா தேசியப் பூங்கா. இரண்டுக்கும் நடுவே காரில் சுமார் நான்கு மணி நேரம். பிள்ளைகள் முதலாவதைக் கேட்பார்கள், பெரியவர்கள் இரண்டாவதைக் கேட்பார்கள், கடைசியில் இரண்டுக்கும் போவது என்று முடிவாகும்.

1960களில் அந்த நான்கு மணி நேர இடைவெளியே இல்லாமல் போகும் நிலை வந்தது. சிக்வோயா பூங்கா மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கில், நாளொன்றுக்கு 14,000 பேர் வந்துபோகும் பனிச்சறுக்கு நகரம் ஒன்றைக் கட்ட டிஸ்னி நிறுவனம் திட்டமிட்டது. வனத்துறை அனுமதி கொடுத்தது. மாநில அரசு நெடுஞ்சாலை போட முன்வந்தது. ஆனாலும் அந்த நகரம் எழவில்லை. பன்னிரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவோடு இணைந்தது.

டிஸ்னி திட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில், யார் வழக்குத் தொடுக்கலாம் என்ற கேள்விக்காகப் படிக்கிறார்கள். நான் இதைக் குடும்ப விடுமுறையைப் பற்றிய வழக்காகவே பார்க்கிறேன். தீம் பார்க்கும் தேசியப் பூங்காவும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பவை வேறு வேறு. இரண்டும் வேண்டியவையே. ஆனால் அவற்றில் ஒன்றை எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், இன்னொன்றை அப்படிச் செய்ய முடியாது. மினரல் கிங்கின் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

பள்ளத்தாக்கு

மினரல் கிங் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் இருக்கிறது. பனிப்பாறைகள் குடைந்த பள்ளத்தாக்கு அது. நடுவில் கவீயா ஆற்றின் கிழக்குக் கிளை ஓடுகிறது. சுற்றிலும் சிகரங்கள், அவற்றில் சாடூத் சிகரம் 12,300 அடிக்கும் மேல். பள்ளத்தாக்கின் தரை மிகக் குறுகலானது. பின்னால் வரும் விவாதங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறுகலே அடிப்படை.

1870களில் இங்கே வெள்ளி கிடைக்கும் என்று நம்பிக் கூட்டம் வந்தது. பெயரும் அப்போது வந்ததுதான். 1879இல் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு சாலையும் போட்டார்கள். வெள்ளி சொல்லிக்கொள்ளும்படி கிடைக்கவில்லை. சுரங்கக்காரர்கள் போனார்கள், சாலை தங்கியது. அந்தச் சாலை வழியே, சமவெளியின் கோடை வெயிலுக்குத் தப்பி, பக்கத்து ஊர்க் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் மேலே வரத் தொடங்கின. கூடாரம் போட்டார்கள், பிறகு மரக்குடில்கள் கட்டிக்கொண்டார்கள். ஆக, டிஸ்னிக்கு வெகுகாலம் முன்பே இது குடும்பங்கள் விடுமுறை கழித்த இடம். டிஸ்னி திட்டத்தை எதிர்த்தவர்களை மலையேறும் தனிமனிதர்களின் கூட்டமாக மட்டும் சித்திரிப்பவர்கள் இந்தக் குடில்காரர்களை மறந்துவிடுகிறார்கள்.

1890 செப்டம்பரில் சிக்வோயா தேசியப் பூங்கா உருவானபோது மினரல் கிங் அதற்குள் வரவில்லை. சுரங்க உரிமைகளும் தனியார் குடில்களும் அங்கே இருந்தன. 1926இல் பூங்காவை விரிவாக்கியபோதும் பள்ளத்தாக்கு வெளியிலேயே நின்றது. ஆனால் நாடாளுமன்றம் அதை விலங்குகளுக்கான காப்பிடம் என்று அறிவித்து வனத்துறையிடம் ஒப்படைத்தது. இந்த ஏற்பாடு பிற்பாடு பெரிய வினையானது. அமெரிக்காவில் தேசியப் பூங்காத் துறையும் வனத்துறையும் வேறு வேறு அமைச்சகங்களின் கீழ் வருபவை. பூங்காத் துறைக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட பணி, இயற்கையைச் சிதையாமல் காத்து, வருங்காலத் தலைமுறைகளும் அனுபவிக்கும்படி விட்டுச்செல்வது. வனத்துறையோ மரம், மேய்ச்சல், நீர், பொழுதுபோக்கு என்று நிலத்தைப் பலவிதமாகப் பயன்படுத்தும் துறை. ஒரே மலையில், ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

டிஸ்னியின் தரப்பு

டிஸ்னியைப் பேராசைக்கார நிறுவனம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது நியாயமல்ல. 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலேண்ட், குடும்பம் முழுவதும் ஒன்றாகப் பொழுதுபோக்க ஓர் இடம் என்ற யோசனையிலிருந்து பிறந்தது. அதற்குமுன் கேளிக்கைப் பூங்கா என்றால் பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்ற, பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே படகில் ஏறலாம் என்று அந்த நிலையை மாற்றியது வால்ட் டிஸ்னியின் பெரிய சாதனை. அவருக்குப் பனிச்சறுக்கிலும் நீண்டகால ஈடுபாடு இருந்தது. 1960இல் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க, நிறைவு விழாக்களுக்கு அவரே பொறுப்பேற்றார்.

1965இல் வனத்துறை மினரல் கிங்கில் பனிச்சறுக்கு வசதி அமைக்க ஒப்பந்தப்புள்ளி கேட்டது. எதிர்பார்த்த முதலீடு சுமார் 30 லட்சம் டாலர். ஆறு பேர் போட்டியிட்டார்கள். டிஸ்னி முன்வைத்தது 3.5 கோடி டாலர் திட்டம். அந்த ஆண்டு இறுதியில் டிஸ்னிக்கே வாய்ப்பு கிடைத்தது. 1966 செப்டம்பரில் வால்ட் டிஸ்னி கலிபோர்னியா ஆளுநரோடு பள்ளத்தாக்குக்கே வந்து செய்தியாளர்களைச் சந்தித்தார். மூன்று மாதத்தில், டிசம்பர் 15 அன்று, அவர் இறந்துபோனார். திட்டம் அவருடைய கடைசிக் கனவுகளில் ஒன்று என்ற கனத்தோடு நிறுவனத்தின் கையில் தங்கியது.

வனத்துறை 1969 ஜனவரியில் ஒப்புதல் தந்த இறுதித் திட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விவரிக்கிறது. தங்கும் விடுதிகள், உணவகங்கள், நீச்சல் குளங்கள், வாகன நிறுத்தங்கள் எல்லாம் பள்ளத்தாக்கின் தரையில் 80 ஏக்கரில், 30 ஆண்டு உரிமத்தில். சறுக்குப் பாதைகளும் தூக்கிகளும் பற்சக்கர ரயிலும் மலைச்சரிவுகளில், ரத்துசெய்யத்தக்க தனி அனுமதியில். நீண்டகால உரிமத்துக்கு 80 ஏக்கர்தான் சட்டம் வகுத்த எல்லை. மீதியைத் தற்காலிக அனுமதி என்ற பெயரில் சேர்த்ததே சட்டத்தைச் சுற்றிப்போகும் வழி என்று எதிர்த்தரப்பு பிற்பாடு வாதாடியது. மேலே வந்துசேர 20 மைல் நெடுஞ்சாலை. அதன் ஒரு பகுதியும், உயர் அழுத்த மின்தடமும் சிக்வோயா பூங்காவுக்குள் புகுந்து வர வேண்டும். அந்தச் சாலையை, அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் உள்துறையின் அமைச்சராக இருந்த ஸ்டூவர்ட் யூடல் நெடுநாள் எதிர்த்து, 1967 இறுதியில் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார்.

30 லட்சம் எப்படி 3.5 கோடியானது என்பதைக் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணத்தால் அல்ல. தீம் பார்க்கின் கணக்கே அப்படித்தான். மலைமேல் சாலை போட்டால் நிறைய பேர் வர வேண்டும். நிறைய பேர் வந்தால் தங்க அறை வேண்டும். அறை கட்டினால் பனியில்லாத கோடையிலும் ஆட்கள் வர வேண்டும். கோடையில் வருவதற்கு வேறு கேளிக்கைகள் வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் ஒவ்வொரு வசதியும் அடுத்த வசதியைக் கேட்கும். சமவெளியில், ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடத்தில் கட்டிய டிஸ்னிலேண்டில், அந்தக் கணக்குக்கு இடமிருந்தது. இங்கே சுற்றிலும் பாறை.

வழக்கு

எதிர்த்து நின்றது சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். அதன் நிலையிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1940களில் மினரல் கிங்கில் பனிச்சறுக்கு வசதி வருவதற்கு அதே சங்கம் மறுப்புச் சொல்லவில்லை. அப்போது பேசியது சிறிய அளவிலான வசதி. அதையும் தாண்டி, இருபது ஆண்டுகளில் சங்கத்தின் பார்வையே மாறியிருந்தது. இந்த மாற்றத்தை எதிராளிகள் சுட்டிக்காட்டியது சரிதான். சங்கம் அதற்காக வாய்மூடியிருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் ஒவ்வொரு மலைக்கும் சாலை ஏறிய பிறகு, மிஞ்சிய மலையின் மதிப்பு கூடத்தானே செய்யும்?

1969 ஜூனில் வழக்குப் பதிவானது. ஜூலையில் மாவட்ட நீதிபதி வில்லியம் ஸ்வைகர்ட் இடைக்காலத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1972 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பளித்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் ரோஜர்ஸ் மார்ட்டனின் பெயரில், ‘சியரா கிளப் எதிர் மார்ட்டன்’ என்றே அது வழங்குகிறது.

சியரா கிளப் அந்தத் தீர்ப்பில் தோற்றது. பலரும் இதை மாற்றியே நினைவில் வைத்திருக்கிறார்கள். நான்குக்கு மூன்று. நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது இது: இயற்கையின் அழகு குலைவதும் ஒரு பாதிப்பாகும், பணநட்டம் மட்டுமே பாதிப்பு அல்ல. ஆனால் வழக்குத் தொடுப்பவர் தாமே பாதிக்கப்படுபவராக இருக்க வேண்டும். ஒரு பிரச்சினையில் நீண்டகால அக்கறை உள்ள சங்கம் என்பது மட்டும் போதாது. தம் உறுப்பினர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள், அவர்களுடைய பொழுது கெடும் என்று சங்கம் மனுவில் எங்குமே சொல்லவில்லை. பொதுநலனுக்காக மட்டும் வழக்காடலாம் என்ற கொள்கையைச் சோதித்துப் பார்க்கவே வேண்டுமென்று அப்படி விட்டிருந்தது.

தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று, மனுவைத் திருத்திக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது என்றது. சங்கம் திருத்தியது. பள்ளத்தாக்குக்கு வழக்கமாக வந்துபோகிறவர்களும் குடில்காரர்களின் சங்கமும் வழக்கில் சேர்ந்தார்கள். இந்தத் திருப்பம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. காட்டைக் காக்க ஒரு கொள்கை போதவில்லை. ‘எங்கள் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் இங்கே வருகிறது’ என்று சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள். குடும்ப விடுமுறை என்ற எளிய விஷயம் நீதிமன்றத்தில் சட்டத் தகுதியானது.

மாறுபட்ட தீர்ப்புகளில் வில்லியம் டக்ளஸ் எழுதியதே புகழ்பெற்றது. கப்பலுக்கும் கம்பெனிக்கும் சட்டம் ஆள்தன்மை கொடுக்கிறது. அப்படியிருக்க ஆற்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். இந்த வழக்கை மினரல் கிங் தன் பெயரிலேயே தொடுத்ததாகப் பார்ப்பதே பொருத்தம் என்றார். அன்று அது சிறுபான்மைக் குரல். 2014இல் நியூசிலாந்து டெ உரெவெரா என்ற தேசியப் பூங்காவை, பூங்கா என்ற நிலையிலிருந்து நீக்கி, சட்டத்தின் முன் ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டது.

குடும்பத்தோடு மலைக்குப் போகிறவருக்கு நான் படிக்கச் சொல்வது ஹாரி பிளாக்மனின் மாறுபட்ட தீர்ப்பை. அவர் வெறும் கணக்குப் போட்டார். 14,000 பேர், காருக்கு நான்கு பேர் என்று தாராளமாக வைத்தாலும் 3,500 கார்கள். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரப் போக்குவரத்து என்றால் மணிக்கு ஏறத்தாழ 300. அதாவது, பன்னிரண்டு நொடிக்கு ஒரு கார். அதே இருவழிச் சாலையில் அவை திரும்பியும் வர வேண்டுமே. அதையும் சேர்த்தால் ஆறு நொடிக்கு ஒன்று. வேலையாட்களின் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை. வனாந்தரத்தின் அழகையும் தனிமையையும் அமைதியையும் நாம் காப்பது இப்படித்தானா என்று கேட்டு நிறுத்தினார். எந்தத் தத்துவத்தையும்விட இந்தப் பெருக்கலும் வகுத்தலும் எனக்கு வலுவாகத் தெரிகின்றன.

திட்டம் நின்றது எப்படி

எந்த நீதிமன்றமும் டிஸ்னியை நிரந்தரமாக நிறுத்தவில்லை. முழு விசாரணை நடக்காமலே 1977இல் வழக்கு முடிந்தது. நிறுத்தியது காலம். 1969இல் விழுந்த தடையாணை, வேலை தொடங்குவதைத் தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில், 1970 ஜனவரி 1 அன்று, தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வந்தது. அதன்பிறகு நடுவண் அரசின் பெரிய திட்டம் எதுவானாலும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கட்டாயம். தடை மட்டும் விழாமல் இருந்திருந்தால், அந்தச் சட்டம் வருமுன்பே மண்வெட்டும் வேலை தொடங்கியிருக்கக்கூடும். செலவு ஏறிக்கொண்டே போனது. நாட்டின் மனநிலையும் மாறியது.

மலையும் சும்மா இருக்கவில்லை. இங்கே பனிச்சரிவு புதிதல்ல. 1906இல் சுரங்க ஊரின் மிச்சத்தைச் சரிவு ஒன்று அழித்திருந்தது. 1969 குளிர்காலத்தில், பனி அளவெடுக்கத் தங்கியிருந்த டிஸ்னி குழுவில் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். சரிவுகளுக்கு நேர் கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தூங்கும் விடுதியைக் கட்டுவது பற்றி அதற்குப் பிறகும் திட்டக்காரர்கள் தெளிவாகவே இருந்தார்கள் என்பது எனக்குப் புரியாத ஒன்று.

1978 நவம்பர் 10 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட தேசியப் பூங்காக்கள் சட்டம், மினரல் கிங்கை சிக்வோயாவோடு இணைத்தது. இதற்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர்களில் ஜான் கிரெப்ஸ் முக்கியமானவர். அந்தப் பகுதியின் உறுப்பினர் அவர். வேலைவாய்ப்பு வரும் என்று டிஸ்னியை எதிர்பார்த்திருந்த தொகுதி அது. சட்டம் கையெழுத்தான அதே மாதத் தேர்தலில் அவர் தோற்றார். மினரல் கிங்தான் முக்கியக் காரணம் என்பதே பரவலான கருத்து. 2009இல் அந்த மலைப்பகுதியை வனாந்தரமாக அறிவித்தபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பதவியை இழந்த செயலுக்காகவே ஒருவரை நாடு நினைவுகூர்வது அரிது. அவர் உயிரோடு இருந்தபோதே அது நடந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குடில்காரர்களுக்கு வெற்றி முழுமையாக இனிக்கவில்லை. 1978 சட்டப்படி, அப்போதிருந்த உரிமதாரரின் ஆயுள் வரைக்குமே அனுமதி. பிள்ளைகள் பெயருக்கு மாறும் வழி 2004இல்தான் பிறந்தது. பூங்காவைக் காக்கத் துணைநின்ற குடும்பங்களே கால் நூற்றாண்டு காலம் நிச்சயமில்லாமல் வாழ்ந்தார்கள்.

இடம் மாறியதும் மாறாததும்

மினரல் கிங் விடுதிக்காக டிஸ்னியின் ஓவியர் மார்க் டேவிஸ் ஒரு கேளிக்கை நிகழ்ச்சியை வரைந்திருந்தார். பாட்டுப்பாடி வாத்தியம் வாசிக்கும் இயந்திரக் கரடிகளின் கச்சேரி அது. பனிச்சறுக்கிக் களைத்துத் திரும்பும் குடும்பங்கள் மாலையில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது. மினரல் கிங் தாமதமானதும் கரடிகள் புளோரிடாவுக்குப் போயின. 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்த நாளிலேயே ‘கன்ட்ரி பேர் ஜாம்போரி’ அரங்கேறியது. மலையே இல்லாத மாநிலத்தில், சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய இடத்தில், அரை நூற்றாண்டாகப் பிள்ளைகள் அந்தக் கரடிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இடம் மாறியதால் கரடிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

வழக்கின் விடை எனக்கு இங்கேதான் கிடைக்கிறது. டிஸ்னி கட்ட நினைத்தவற்றில் பெரும்பாலானதை வேறு இடத்தில் கட்ட முடிந்தது, கட்டவும் செய்தார்கள். புளோரிடாவில் 1994இல் திறந்த வில்டர்னஸ் லாட்ஜ், மேற்கு மாநிலங்களின் தேசியப் பூங்கா விடுதிகளை ஒட்டி அமைத்தது. அனஹைமிலேயே 2001இல் வந்த கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில், கரடி முகம்போன்ற செயற்கை மலையும், அதைச் சுற்றிப் பாயும் படகுச் சவாரியும், சியராவின் மர விடுதிகளை நினைவூட்டும் தங்கும் விடுதியும் இருக்கின்றன. அவற்றை நான் போலி என்று ஒதுக்கமாட்டேன். அவ்வளவு கூட்டத்தைத் தாங்கவென்றே கட்டிய பாறை அது. ஆயிரம் பேர் ஏறி இறங்கினாலும் தேயாது, தேய்ந்தால் மறுநாள் பூசிவிடலாம். புல்வெளியை அப்படிப் பூச முடியாது.

தேசியப் பூங்காக்கள் இந்தப் பாடத்தைத் தாமாகவே படித்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யோசமிட்டி பூங்காவில் இரவு நேரங்களில் தணல் கங்குகளை மலையுச்சியிலிருந்து கொட்டி, நெருப்பு அருவிபோல் காட்டும் கேளிக்கை 1968 ஜனவரி வரை நடந்தது. சிக்வோயாவின் ஜயன்ட் ஃபாரஸ்ட் தோப்பில் ஒரு சிற்றூரே இருந்தது. கடை, உணவகம், பெட்ரோல் நிலையம், நூற்றுக்கணக்கான அறைகள் எல்லாம் உலகின் மிகப் பெரிய மரங்களின் காலடியில். சிக்வோயா மரங்களின் வேர்கள் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவுபவை. மேல்மண் இறுகினால் மரம் பாதிக்கப்படும். மரவியலாளர்கள் 1920களிலேயே எச்சரித்தார்கள். கேட்பதற்கு எழுபது ஆண்டு ஆனது. 1990களின் இறுதியில்தான் இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்து, மண்ணைக் கொத்தித் தளர்த்தி, தங்கும் விடுதியைத் தோப்புக்கு வெளியே உக்சாச்சிக்கு மாற்றினார்கள். பழைய கடைக் கட்டடம் ஒன்று மட்டும் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மினரல் கிங்கில் டிஸ்னி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஜயன்ட் ஃபாரஸ்டில் அரசின் அனுமதியோடு, குடும்பங்களின் வசதிக்காகவே கட்டியது அது. அதையே இடிக்க வேண்டி வந்தது.

நடக்க முடியாதவர்களின் கேள்வி

டிஸ்னி ஆதரவாளர்கள் அன்று ஒரு கேள்வி கேட்டார்கள். இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. மூட்டை சுமந்து மலையேறத் தெரிந்த சிலருக்கு மட்டும்தான் பள்ளத்தாக்கா? கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மூட்டுவலி உள்ள பாட்டி, சக்கர நாற்காலியில் வரும் தாத்தா இவர்களுக்கு மலை வேண்டாமா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் இயற்கை ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று தலைமுறையாகப் பயணம் போகும் குடும்பத்தில் வேகத்தை முடிவுசெய்வது மிக மெதுவாக நடப்பவரே. அவரைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் பார்த்து வருவது எப்படிக் குடும்ப விடுமுறையாகும்? அதேசமயம், எல்லாருக்கும் மலை வேண்டும் என்பதற்கு எல்லா மலையிலும் நெடுஞ்சாலை வேண்டும் என்று பொருளில்லை. சிக்வோயா பூங்காவிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஜெனரல் ஷெர்மன் மரம் சுமார் 84 மீட்டர் உயரம். கன அளவில் உலகின் மிகப் பெரிய மரம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வாகன நிறுத்தமும், அங்கிருந்து குறுகிய பாதையும் உண்டு. புல்வெளி ஒன்றைச் சுற்றிவரும் பிக் ட்ரீஸ் பாதை முழுவதும் தளமிட்டது. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். அங்கே வசதி செய்தார்கள், மினரல் கிங்கை அதன் போக்கில் விட்டார்கள். ஒரே பூங்காவுக்குள் இரண்டு வகையான இடம் இருப்பது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இன்று போகும் குடும்பத்துக்கு

அனஹைமும் சிக்வோயாவும் ஒரே பயணத்தில் என்றால், டிஸ்னிலேண்டை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே காலை திறக்கும் நேரத்திலிருந்து இரவு வாணவேடிக்கை வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏதாவது ஒன்று காத்திருக்கும். அந்த வேகத்திலிருந்து மலைக்கு மாற பிள்ளைகளுக்குச் சற்று அவகாசம் வேண்டும். இறங்கிய உடனே ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று கேட்பார்கள். கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆற்றங்கரையில் விட்டுவிட்டால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். மலையை முதலில் வைத்தால், பிள்ளைகள் வரப்போகும் ராட்டினத்தையே நினைத்துக்கொண்டு மரங்களைக் கடந்துவிடுவார்கள்.

ஜயன்ட் ஃபாரஸ்டுக்கும் மினரல் கிங்குக்கும் பூங்காவுக்குள் இணைப்புச் சாலை கிடையாது. த்ரீ ரிவர்ஸ் ஊர்ப் பக்கம் இறங்கி வந்து வேறு சாலையில் ஏற வேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி நாள் ஒதுக்குங்கள். மினரல் கிங் சாலை 25 மைல்தான். வளைவுகள் ஏறத்தாழ 700. ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பல இடங்களில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி நின்றே வழிவிட வேண்டும். வாந்தி வரும் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட வேண்டும். பொதுவாக மே இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரைதான் திறந்திருக்கும். மழையும் பனியும் சாலையை அடிக்கடி சேதப்படுத்துவதால், புறப்படும் நாளில் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மேலே பெட்ரோல் நிலையம் இல்லை; கைப்பேசிக்கு அலைவரிசையும் எதிர்பார்க்க முடியாது. அட்வெல் மில், கோல்ட் ஸ்பிரிங்ஸ் என்று இரண்டு முகாம் தளங்கள் உண்டு. வீட்டு வண்டிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எதையும் காரில் விடாமல், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளில் பூட்டிவைக்க வேண்டும். 7,500 அடி உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கும். அன்று ஆற்றோரம் மெதுவாக நடப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஏரிகளுக்கு ஏறும் பாதைகளை மறுநாளுக்கு விடுங்கள்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது, தார்ப்பாய். இங்குள்ள மார்மட் என்ற பெரிய மலை அணில்கள், குறிப்பாகக் கோடையின் தொடக்கத்தில், காரின் அடியில் புகுந்து ரப்பர்க் குழாய்களையும் ஒயர்களையும் கடித்துவிடும். அதனால் வண்டியைத் தார்ப்பாயின் மேல் ஏற்றி நிறுத்தி, அதையே மேலே தூக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு நடக்கப் போகிறார்கள். திரும்பும்போது தார்ப்பாயை அவிழ்த்ததும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டே வண்டியைக் கிளப்ப வேண்டும். எஞ்சினுக்குள் பதுங்கியபடியே தென்கலிபோர்னியா வரை போய்விட்ட மார்மட்டுகள் உண்டு.